நிற்கும் இடம்தான் படம்: நிக்கான் 35 மி.மீ. லென்ஸும் மும்பைத் தெருக்களும்

கேமரா வாங்கிக் கொஞ்ச காலம் ஆனதும் எல்லா ஆர்வலருக்கும் ஒரு கேள்வி வரும்: அடுத்து எந்த லென்ஸ்? கடையில் கேட்டால் பெரும்பாலும் நீளமான ஜூம் ஒன்றை எடுத்து வைப்பார்கள். மும்பைத் தெருக்களில் படம் எடுக்க நினைப்பவருக்கு நான் சொல்வது வேறு. ஜூமே இல்லாத, உள்ளங்கையில் அடங்கும் நிக்கான் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8ஜி லென்ஸை வாங்குங்கள். 2009-ல் வந்த லென்ஸ் இது. இதற்குப் பிறகு எத்தனையோ புதியவை வந்துவிட்டன. ஆனாலும் எங்கே நின்று படம் எடுப்பது என்பதை இவ்வளவு குறைந்த செலவில் கற்றுக்கொடுக்கும் கருவி வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. மாட்டுங்கா, தாராவி, செம்பூர் மூன்று இடங்களிலும் டி3500 கேமராவில் பொருத்திப் பயன்படுத்திய அனுபவத்தில் எழுதுகிறேன்.

கையில் எடுத்தால்

எடை 200 கிராம். ஃபில்டர் அளவு 52 மி.மீ. பொருத்தும் வளையம் உலோகத்தால் ஆனது. அதைச் சுற்றி தூசி, ஈரம் புகாதபடி ரப்பர் விளிம்பு உண்டு. ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. இது முக்கியம், ஏனென்றால் நிக்கானின் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் மோட்டார் கிடையாது. பழைய 50 மி.மீ. எஃப் 1.8டி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிப் போட்டால் அவற்றில் தானாக ஃபோகஸ் ஆகாது.

டிஎக்ஸ் சென்சார் சிறியது என்பதால், இந்த 35 மி.மீ. பழைய ஃபிலிம் கேமராவின் 50 மி.மீ. லென்ஸ் அளவுக்குக் காட்சியைப் பிடிக்கும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து ஓர் ஆளை உச்சி முதல் பாதம் வரை, மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்க ஏறக்குறைய 3 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இந்த 3 மீட்டர் கணக்கு காலுக்குப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மாட்டுங்கா: பூக்கடை வெளிச்சம்

மாட்டுங்கா கிழக்கில், ஸ்டேஷனை ஒட்டிய பூக்கடைகள்தான் முதல் சோதனைக் களம். விடிவதற்கு முன்பே மல்லியும் முல்லையும் கதம்பமும் வந்து இறங்கிவிடும். அந்த நேரத்தில் இருக்கும் வெளிச்சம் தலைக்கு மேல் தொங்கும் எல்இடி பல்பு மட்டும்தான். கேமராவோடு வரும் 18-55 லென்ஸை 35 மி.மீ.யில் வைத்தால் அதன் துளை சுமார் எஃப் 4.5 வரைதான் திறக்கும். எஃப் 1.8 அதைவிட ஆறு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அந்த லென்ஸுக்கு ஐஎஸ்ஓ 5000 வேண்டியிருந்தால் இதற்கு 800 போதும். பூ இதழில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வராது.

ஷட்டரை 1/100-ல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான பல்புகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். அதைவிட வேகமாக வைத்தால் படத்தில் குறுக்கே இருட்டுப் பட்டைகள் விழலாம். பூத்தொடுக்கும் கை வேகமானதுதான், ஆனாலும் நாரைச் சுற்றி முடிச்சை இறுக்கும் இடத்தில் ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்துக்காகக் காத்திருங்கள்.

ஒரு பூக்கார அம்மாவிடம் கேட்டபோது, "மூஞ்சி வேணாம் தம்பி, கையை எடுத்துக்கோ" என்றார். அவர் போட்ட நிபந்தனையால் படம் நன்றாக வந்தது. முகத்தை விட்டுவிட்டதும், இரண்டு விரல்களுக்கு நடுவே இழுபடும் நார், மடியில் குவிந்த மொட்டு, ஓரத்தில் தண்ணீர் தெளிக்கும் கிண்ணம் என்று படத்துக்குள் என்ன இருக்க வேண்டும் என்பது தானே தெளிவானது. அரை மீட்டர் தூரத்தில் எஃப் 1.8-ல் எடுத்தால் துல்லியமாக வரும் ஆழம் ஒன்றரை சென்டிமீட்டர்கூடத் தேறாது. விரல் தெளிவாக இருக்கும், முடிச்சு கலங்கிவிடும். எஃப் 2.8 வைத்தால் இரண்டு சென்டிமீட்டர் கிடைக்கும். விரலும் முடிச்சும் அதற்குள் அடங்கும்.

செண்டுமல்லிக் குவியலை எடுக்கும்போது இன்னொரு எச்சரிக்கை. ஆரஞ்சுப் பூவில் சிவப்புச் சானல் மட்டும் முதலில் எரிந்துபோகும். திரையில் பார்க்கப் படம் சரியாகத் தோன்றும், ஆனால் இதழ்களின் மடிப்பு காணாமல் போயிருக்கும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். எக்ஸ்போஷரை 0.7 அளவு குறைத்து, ரா கோப்பாக எடுங்கள்.

தாராவி: இரண்டு பானைகள் சொல்லும் பாடம்

தாராவியின் கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர்கள் வாழ்கிறார்கள். பேச்சு குஜராத்தி. வீட்டு முற்றங்களில் பானைகளும் அகல்களும் வரிசையாகக் காயும். பெர்ஸ்பெக்டிவ் என்றால் என்ன என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது.

ஒரே அளவுள்ள இரண்டு பானைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பானை உங்களிடமிருந்து 1 மீட்டரில், இரண்டாவது 3 மீட்டரில் இருக்கிறது. படத்தில் முன்பானை பின்பானையைப் போல மூன்று மடங்கு பெரிதாகத் தெரியும். அங்கிருந்து 3 மீட்டர் பின்னால் போங்கள். இப்போது தூரங்கள் 4, 6 மீட்டர். முன்பானை ஒன்றரை மடங்குதான் பெரிது. பானைகள் அசையவில்லை, லென்ஸும் மாறவில்லை. ஆனால் முதல் படத்தில் ஒரு பானை நாயகனாகவும் மற்றவை பின்னணியாகவும் இருக்கும். இரண்டாவது படத்தில் அத்தனை பானைகளும் சமமாக நிற்கும்.

இந்த விகிதத்தை ஜூம் வளையத்தால் மாற்ற முடியாது. ஒரே இடத்தில் நின்று 18-லிருந்து 55-க்குத் திருப்பினால் காட்சியின் ஓரங்கள் வெட்டப்படும், அவ்வளவுதான். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள உறவைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் தூரம் மட்டுமே. 18-ல் எடுத்த முகத்தில் மூக்கு புடைத்துத் தெரிந்தால் பழி லென்ஸுக்கு அல்ல, ஃபிரேமை நிரப்ப நாம் ஒட்டி நின்றோமே, அதற்குத்தான். ஜூம் கையில் இருந்தால் நிற்கும் இடத்தை யோசிக்காமலே படம் எடுத்துவிடலாம். இந்த லென்ஸ் அந்தச் சலுகையைத் தருவதில்லை. இதன் மிகப் பெரிய பலம் இதுதான்.

90 அடி சாலைப் பக்கம் பொங்கலன்று போனால் வேறு வகைச் சோதனை காத்திருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தலைமுறைகளாக வாழும் குடும்பங்கள் தெருவிலேயே அடுப்பு மூட்டிப் பானை வைப்பார்கள். புகை, கூட்டம், கரும்பு, ஓடும் பிள்ளைகள். தானியங்கி ஃபோகஸ் புகையில் தடுமாறும். எஃப் 8 வைத்து, 3 மீட்டரில் இருக்கும் ஏதாவது ஒன்றில் ஃபோகஸ் செய்து, லென்ஸின் சுவிட்சை எம் பக்கம் தள்ளிவிடுங்கள். ஏறக்குறைய 2.2 மீட்டரிலிருந்து 4.9 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக வரும். பிறகு கண் தெருவிலேயே இருக்கலாம்.

கேமராவை வெளியே எடுக்கும் முன் கேளுங்கள். "ஒரு படம் எடுத்துக்கலாமாக்கா?" என்று தமிழில் கேட்டால் பல வாசல்கள் திறக்கும், சில திறக்காது. திறக்காத இடத்தில் கேமராவை இறக்கிவிட வேண்டும். தாராவிக்குச் சுற்றுலா அழைத்துப்போகும் ரியாலிட்டி டூர்ஸ் நிறுவனம் தன் விருந்தினர்கள் அங்கே படம் எடுக்கக் கூடாது என்பதையே கொள்கையாக வைத்திருக்கிறது. அந்தக் கொள்கையில் நியாயம் இருக்கிறது. அது மக்கள் வாழும் இடம். நீண்ட ஜூமைக் கொண்டு தொலைவிலிருந்து ஒளிந்து எடுப்பதைவிட, 3 மீட்டரில் முகத்துக்கு முகம் நின்று எடுப்பது நேர்மையானது. எடுத்த படத்தைத் திரையில் காட்டுங்கள், முடிந்தால் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

செம்பூர்: நிமிர்ந்த கோடுகள்

செம்பூர் சேடா நகரில் சிறு குன்றின் மேல் இருக்கிறது திருச்செம்பூர் முருகன் கோயில். அண்ணாந்து கேமராவைச் சாய்த்தால் கட்டடங்களின் நேர்க்கோடுகள் மேலே போகப் போக நெருங்கி, சுவரே பின்னால் சாய்வதுபோலத் தெரியும். கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் சாய்வு போய்விடும், ஆனால் உச்சி வெட்டுப்படும். அதற்கும் வழி பின்னால் போவதுதான். இந்த லென்ஸைச் செங்குத்தாகப் பிடித்து 30 மீட்டர் தள்ளி நின்றால், கண் மட்டத்துக்கு மேல் சுமார் 10 மீட்டர் உயரம் சாய்வில்லாமல் கிடைக்கும். கீழ்ப்பாதியில் வெறும் சாலை வருமே என்று கவலைப்பட வேண்டாம். அங்கே நடந்து போகிற ஓர் ஆள் வரும்வரை பொறுங்கள். கட்டடம் எவ்வளவு பெரியது என்பதை அந்த ஆள்தான் காட்டுவார்.

இப்படி முன்னும் பின்னுமாக அடுக்கடுக்காக ஃபிரேம் அமைக்கக் கற்க விரும்புபவர்கள் புகைப்படக் கலைஞர் ரகுபீர் சிங்கின் படங்களைத் தேடிப் பாருங்கள். மும்பையைப் பற்றிய அவருடைய புத்தகம் 1994-ல் வந்தது. ஜவேரி பஜார் நகைக்கடை ஒன்றின் உள்ளே நின்று எடுத்த படத்தில், உள்ளே உட்கார்ந்திருப்பவர்களும் கண்ணாடிக்கு வெளியே நகரும் தெருவும் ஒரே ஃபிரேமில் இருக்கின்றன. மாட்டுங்காவில் எந்தக் காபிக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தும் இதைப் பழகலாம்.

குறைகள்

முழுத் துளையில் எடுத்தால் எவர்சில்வர் குடத்தின் பளபளப்பு போன்ற இடங்களில், ஃபோகஸுக்கு முன்னால் ஊதாவும் பின்னால் பச்சையும் ஓரங்களில் படரும். எஃப் 2.8-க்குப் போனால் பெருமளவு குறையும். நேர்க்கோடுகள் லேசாக வெளிப்பக்கம் வளையும். நிக்கானின் இலவச என்எக்ஸ் ஸ்டூடியோ மென்பொருளில் இதைச் சரிசெய்துவிடலாம். அதிர்வுத் தடுப்பு கிடையாது, ஆகவே 1/60-க்குக் கீழே போனால் கையை எதன் மேலாவது ஊன்றிக்கொள்ளுங்கள். தூரம் காட்டும் அளவுகோலும் இல்லை. மேலே சொன்ன 3 மீட்டர் முறைக்கு அது இருந்திருந்தால் எவ்வளவோ வசதி.

வீட்டுக்குள் இது சிரமப்படுத்தும். பத்தடி அறையின் ஒரு சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும் எதிர்ச் சுவரில் 2 மீட்டர் அகலம்தான் அகப்படும். ஒடுங்கிய சந்துகளில் குறுக்கே எடுக்கவும் இடம் இருக்காது. சந்தின் நீளவாக்கில் நின்றுதான் எடுக்க வேண்டும். அந்த இடங்களில் கையிலிருக்கும் போனே மேல்.

பழைய லென்ஸ் வாங்குகிறீர்களா?

சிஎஸ்எம்டி ரயில் நிலையத்துக்கு எதிரே ஃபோர்ட் பகுதியின் போரா பஜார் தெரு கேமராக் கடைகளுக்குப் பேர் போனது. செகண்ட் ஹேண்ட் லென்ஸ் பார்க்கும்போது இரண்டு மூடிகளையும் கழற்றி, ஒரு பக்கம் போன் டார்ச்சைப் பிடித்து, மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல்போல வெண்மையாகப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை, வாங்காதீர்கள். ஓரிரண்டு தூசிகள் படத்தைப் பாதிக்காது. துளைத் தகடுகளில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. உங்கள் கேமராவில் பொருத்தி, கிட்டத்திலும் தூரத்திலும் மாறி மாறி ஃபோகஸ் செய்யுங்கள். மோட்டார் கிறீச்சிட்டாலோ இடையில் நின்றாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வாங்கிய லென்ஸைக் காப்பது மும்பையில் இன்னும் பெரிய வேலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றே ஈரம். லென்ஸை அதன் பையிலேயே போட்டு அலமாரியில் மூடி வைப்பது பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்குச் சமம். காற்றுப் புகாத டப்பா, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், உள்ளே வைக்க ஈரப்பதம் காட்டும் சிறு மீட்டர் ஆகிய மூன்றும் போதும். 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. நீலமாக இருந்த ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் மறுபடி சூடாக்கி உலர்த்துங்கள். மழைக்காலத்தில் படம் எடுக்கும்போது கவனிக்க இன்னொன்று: கூரைமேல் கட்டும் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் எடுத்தால் முகமும் நீலமாகும். அங்கேயே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து வொயிட் பேலன்ஸ் அமைத்துக்கொள்ளுங்கள்.

யார் வாங்கலாம்?

நிக்கான் டிஎக்ஸ் எஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். கேனன் வைத்திருப்பவர்களுக்கு 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்டிஎம் ஏறக்குறைய இந்த வேலையைச் செய்யும், கொஞ்சம் அகலமாகக் காட்டும். பறவைகள், விளையாட்டு, கல்யாண மண்டபம் என்று எடுப்பவர்களுக்கு இது பொருந்தாது.

புது லென்ஸ் வாங்கக் காசு இல்லையா? உங்கள் 18-55 லென்ஸை 35-ல் வைத்து வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு, ஒரு மாதம் அப்படியே படம் எடுங்கள். வெளிச்சமும் பின்னணிக் கலக்கமும் கிடைக்காது, நிற்கும் இடத்தைத் தேடும் பழக்கம் முழுசாகக் கிடைக்கும். அந்த மாத முடிவில் டேப்பைப் பிய்க்க மனம் வராவிட்டால் இந்த லென்ஸ் உங்களுக்குத்தான். பிய்த்துப் போடத் தோன்றினால், பணம் மிச்சம்.