காலிமுகத்திடலும் லேடீஸ் சீட்டும்

ஏற்காட்டில் லேடீஸ் சீட் விளிம்பில், இருட்டிய பிறகு நின்று கீழே பார்த்தால் சேலம் ஒரு துறைமுகம் மாதிரி தெரியும். தூரத்தில் விளக்கு வரிசை, இந்தப் பக்கம் சரிவின் கருப்பு. கடல் இருக்க வேண்டிய இடத்தில்தான் அந்தக் கருப்பு இருக்கிறது. உண்மையான கடலைப் பார்க்க வேண்டுமானால் இங்கிருந்து கிழக்கே 150 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அப்படியிருந்தும், பழைய கடற்கரைப் பட அட்டைகளைப் பற்றி எழுத இந்தச் சேர்வராயன் மலைதான் சரியான இடம் என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கிலாந்தில் கடற்கரை செய்த வேலையைச் சென்னை மாகாணத்தில் மலைதான் செய்தது. இலங்கையிலோ அதைக் கடலே பார்த்துக்கொண்டது.

இங்கிலாந்தில் 1871-ல் வங்கி விடுமுறைச் சட்டம் வந்து ஆண்டுக்கு நான்கு நாள் ஓய்வு உறுதியானது. ரயிலேறி பிளாக்பூல் போன்ற ஊர்களுக்குப் போனவர்களுக்கு, ‘வந்து சேர்ந்தோம், வெயில் நன்றாக இருக்கிறது’ என்று வீட்டுக்கு இரண்டு வரி எழுத ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அந்தச் சாக்குதான் கடற்கரை அட்டை. டொனால்ட் மெக்கில் வரைந்த குண்டுப் பெண்களும் அசடு வழியும் கணவர்களும் அதில் வந்தது பிற்பாடு. அதற்காக 1954-ல் அந்தக் கிழவரை லிங்கன் நகர நீதிமன்றத்தில் நிறுத்தி அபராதமும் போட்டார்கள். நம் பக்கத்து அட்டைகளில் இந்தக் கேலி கிடையாது. இங்கே வெள்ளைக்காரர் கடற்கரைக்குப் போனது சிரிப்பதற்காக அல்ல, கப்பலேறவும் இறங்கவும்தான்.

உலகின் முதல் அஞ்சல் அட்டையை ஆஸ்திரிய–ஹங்கேரி அரசு 1869 அக்டோபர் 1 அன்று வெளியிட்டது. இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டதும் அதே 1869-ல்தான். இரண்டுக்கும் தொடர்பு இல்லைதான். ஆனாலும், படம் போட்ட அட்டைகள் பெருகிய 1890களுக்குப் பிறகான காலத்தில் இலங்கை மலைகளில் காப்பி போய்த் தேயிலை வந்திருந்தது. அதனால் அட்டையில் நிற்பது தேயிலைக்கொழுந்து. ஏற்காட்டில் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் நட்டுப் பழக்கிய காப்பி மட்டும் நோயைத் தாங்கி இன்றைக்கும் சில்வர் ஓக் நிழலில் நிற்கிறது. வெற்று அஞ்சல் அட்டை இலங்கைக்கு 1872-லேயே வந்துவிட்டது. இந்தியாவுக்கு 1879 ஜூலை 1, விலை காலணா.

சரி, கடலுக்கு வருவோம். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்குக் கல் நாட்டினார். அதே பயணத்தில் சென்னைத் துறைமுகத்துக்கும் நாட்டினார். கொழும்புச் சுவர் 1885-ல் முடிந்தது. சென்னையில் கட்டிக்கொண்டிருந்ததை 1881-ல் புயல் அடித்து நொறுக்கியது. இரண்டு ஊர் அட்டைகளின் குணமே இந்த ஒரு வித்தியாசத்தில் பிரிந்துவிட்டது என்பேன். கொழும்பு, ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் கீழ்த்திசைக்கும் போகும் நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்ற நிற்கும் இடமானது. அந்தச் சில மணி நேரம் பயணிகள் இறங்கி ரிக்‌ஷா ஏறுவார்கள். 1859-ல் கவர்னர் ஹென்றி வார்ட் முடித்துவைத்த காலிமுகத்திடல் நடைபாதையில் காற்று வாங்குவார்கள். 1864-ல் வந்த காலிமுக ஹோட்டலிலோ தெற்கே கல்கிசையிலோ சாப்பிடுவார்கள். கப்பலுக்குத் திரும்பும் முன் ஒரு கட்டு அட்டை வாங்குவார்கள். 1890-ல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே கம்பெனி இந்த அவசரக்காரர்களை நன்றாகப் புரிந்துகொண்ட நிறுவனம். வளைந்த தென்னை, அமைதியான கடல், கரையேறிய வள்ளம், அந்திச் சிவப்பு. அரை நாள் பார்த்தவனுக்கு அரை நாள் தீவு.

சென்னைக் கடலை யாரும் அப்படிப் படமெடுக்க முடியவில்லை. துறைமுகம் இல்லாத காலமெல்லாம் கப்பல் தூரத்தில் நங்கூரமிடும். ஆளும் மூட்டையும் மசுலா படகில் அலையைத் தாண்டி வர வேண்டும். ஆணி இல்லாமல், பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. அலை தூக்கிப் போட்டால் விரியாமல் வளைந்து கொடுக்கும். துறைமுகம் ஒருவழியாக வந்த பிறகும் வீலே அண்ட் க்ளெய்ன், ஹிக்கின்பாதம்ஸ் போன்றோர் விற்ற சென்னை அட்டைகளில் அலையும் படகும் கட்டுமரமும் நனைந்த மனிதர்களும் விடாமல் வந்துகொண்டிருந்தார்கள். மெரினாவுக்குப் பெயரும் உலாச்சாலையும் தந்த கவர்னர் கிராண்ட் டஃப் காலத்துக்குப் பிறகு மணல் அகன்றதற்குக் காரணமே, துறைமுகச் சுவர் தடுத்துத் தெற்கே சேர்த்த மணல்தான். ஆனால் அட்டை வாங்கிய துரைக்கு அந்தப் புதிய மணலைவிடப் பழைய பயம்தான் பிடித்திருந்தது. ‘இதைத் தாண்டித்தான் வந்தேன்’ என்று ஊருக்குக் காட்ட வேண்டாமா?

கட்டுமரம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இலங்கை அட்டைகளில் ஒரு பக்கம் மிதவை கட்டிய சிங்கள வள்ளத்தின் கீழேயும் ஆங்கிலத்தில் ‘கட்டமரன்’ என்றே அச்சடித்திருப்பார்கள். நாம் கட்டுமரம் என்பது மரங்களைச் சேர்த்துக் கட்டியது, அவ்வளவுதான். அதற்கு மிதவையும் கிடையாது, குழிந்த உடலும் கிடையாது. நம் சொல் கடல் கடந்து போய் இன்னொருவர் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டது. இன்று உலகம் முழுக்க இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகுக்கும் அதே பெயர். அட்டைகள் பலவும் ஜெர்மனியில் அச்சாகித் திரும்பிய காலம் அது. கடலுக்கு நீலம் தீட்டியவர் இந்தக் கடலைப் பார்த்ததில்லை. பெயர் மட்டும் சரியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகம்தான்.

அப்படியானால் சென்னை மாகாணத்து வெள்ளைக்காரர் எங்கே ஓய்ந்தார்? கடலை விட்டு விலகி, மேலே. ஏப்ரல் வந்தால் கவர்னர் ஊட்டிக்குப் போவார். கையில் அவ்வளவு காசில்லாத அதிகாரியும் பாதிரியாரும் சேலத்தில் ரயிலிறங்கி, சுமார் 1500 மீட்டர் உயர ஏற்காட்டுக்கு ஏறுவார்கள். ‘ஏழைகளின் ஊட்டி’ என்ற பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பல்லாவரத்தில் 1863-ல் பழைய கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் ஓய்வுக்காலத்துக்குத் தேர்ந்தெடுத்ததும் இந்த மலையைத்தான். பிளாக்பூலில் கிடைத்த எல்லாம் இங்கே வேறு வேடத்தில் இருந்தன: படகு விட ஏரி, உலாவப் பாதை, மாலையில் உட்கார்ந்து கீழே பார்க்க ஒரு ‘சீட்’. இலங்கையிலும் நுவரெலியா உண்டு. ஆனால் அங்கே மலையும் கடலும் ஒரே கட்டு அட்டையில் சேர்ந்து விற்கும். கொழும்பில் இறங்கியவர் கண்டி வரை ரயிலில் போய்த் திரும்பிவிடலாம். சென்னையில் இறங்கியவர் அப்படி ஏற்காட்டை எட்டிப் பார்த்துவிட்டுக் கப்பலேற முடியாது. எனவே இலங்கை அட்டை வழிப்போக்கருக்கானது. இந்த மலையின் அட்டை இங்கேயே தங்கிக் காப்பிக்கொட்டை எண்ணிக்கொண்டிருந்தவருக்கானது. முதலாமவருக்குப் படமே போதும். இரண்டாமவருக்கு எழுத இடம் வேண்டும். முகவரிப் பக்கத்தை இரண்டாகப் பிரித்துச் செய்தியும் எழுதலாம் என்று பிரிட்டன் 1902-ல் அனுமதிக்கும் வரை, படத்தின் ஓரத்தில் எறும்பு ஊர்வது மாதிரி எழுதித்தான் சமாளித்தார்கள்.

இலங்கை அட்டைகளில் எனக்கு நெருடுவது கடல் அல்ல, கொழுந்து பறிக்கும் பெண். ‘தமிழ்ப் பெண், சிலோன்’ என்ற மாதிரிதான் கீழே அச்சு இருக்கும். பெயரில்லை, ஊரில்லை. அந்தத் தோட்டங்களுக்கு ஆள் போன மாவட்டங்களில் திருச்சி, மதுரை, தஞ்சாவூரோடு சேலமும் ஒன்று. இந்த மலையின் அடிவாரத்திலிருந்து கங்காணி கூட்டிப்போனவர்கள், 1914-க்குப் பிறகு தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினார்கள். அவர்களும் கடலைக் கடந்தவர்கள்தான். கடந்ததைச் சொல்லி ஊருக்கு அட்டை போட்டவர் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்கள் வாழ்க்கையை ஆண்ட காகிதம் வேறு. தோட்டம் மாற வேண்டுமென்றால், கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவிக்கிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ வேண்டும். 1921-ல் சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தார்கள். அட்டையில் அவள் முகம் லண்டன் வரை போய்விட்டது. அவளோ துண்டு இல்லாமல் அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாது.

படமில்லாத அட்டைதான் நம்முடையது. இங்கே அது ‘காலணா கார்டு’, பிறகு வெறும் கார்டு. யாழ்ப்பாணத்தில் தபாலட்டை. இங்கே தபாலாபீஸில் ஸ்டாம்பு வாங்கினால், அங்கே தபாற்கந்தோரில் முத்திரை வாங்குவார்கள். கந்தோர் ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். வார்த்தை வேறானாலும் நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கும் வரி இரு கரையிலும் ஒன்றுதான். துரைகளின் அட்டைகள் ஆல்பத்துக்காகவே வாங்கப்பட்டவை. அதனால் அவை நூறு ஆண்டு கடந்தும் தப்பின. 2018-ல் லண்டன் சோவாஸ் கல்லூரியில் சென்னை, பெங்களூர் அட்டைகளுக்குத் தனிக் கண்காட்சியே நடந்தது.

எங்கள் பக்கத்து வீடுகளில் கதவோரம் ஒரு வளைந்த கம்பி தொங்கும். படித்த கார்டை அதில் குத்திவிடுவார்கள். கல்யாணச் செய்தி என்றால் மூலையில் மஞ்சள் இருக்கும், கம்பியிலும் இடம் கிடைக்கும். மூலையில் கருப்பு மை தடவி வந்த கார்டை மட்டும் வாசலிலேயே நின்று படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுத்தான் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளப் போவார்கள்.