மதிப்பிடுகிறவர் யார் பக்கம்?

வாசுதேவநல்லூரில் நிச்சயத்துக்குத் தேதி குறித்தாயிற்று என்றால் அடுத்த பேச்சு மோதிரம்தான். மாப்பிள்ளைக்கு அரைப் பவுனா, முக்கால் பவுனா என்று பெண் வீட்டில் பேசுவார்கள். பெண்ணுக்குக் கல் வைத்ததா, வெறும் தங்கமா என்று மாப்பிள்ளை வீட்டில் பேசுவார்கள். விரல் அளவுக்கு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு, வடக்கே ராஜபாளையத்துக்கோ கிழக்கே சங்கரன்கோவிலுக்கோ, கை கொஞ்சம் தாராளமாக இருந்தால் திருநெல்வேலிக்கோ பஸ் ஏறுவார்கள். அதே மோதிரம் ஒன்றிரண்டு வருடத்துக்குள் பிசான நடவுக்கோ பிரசவச் செலவுக்கோ பேங்க் கவுண்டருக்கு வந்து சேர்ந்துவிடும். கண்ணில் லென்ஸ் வைத்து ஒருவர் அதைப் பார்ப்பதும், கல்லில் உரைப்பதும் அப்போதுதான். ஆக, வாங்கும்போது நம் சார்பில் யாரும் நகையை மதிப்பிடுவதில்லை. அடகு வைக்கும்போது மதிப்பிடுகிறார்கள், அதுவும் நம் சார்பில் இல்லை.

நகையை அடகுக் கண்ணோடு பார்க்கும் இந்தப் பழக்கத்தில் ஒரு பெரிய நல்லது இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். எந்த நகையைப் பார்த்தாலும் "வித்தா என்ன கிடைக்கும்?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். ஆசையாக வாங்கும் பொருளிடம் இப்படிக் கேட்பது சின்னப் புத்தி என்று படித்த பிள்ளைகள் முகம் சுளிப்பதுண்டு. அமெரிக்காவில் அந்தக் கேள்வியை மறக்கடிக்கத்தான் டி பீர்ஸ் வைரக் கம்பெனி காசு செலவழித்தது. வைரம் என்றென்றைக்கும் உரியது என்ற விளம்பர வாசகம் 1947-ல் எழுதப்பட்டது. என்றென்றைக்கும் என்றால் விற்கக் கூடாது என்றும் அர்த்தம். விற்கப் போனால்தானே கொடுத்த விலையில் எவ்வளவு திரும்பி வரும் என்று தெரியும்? அங்கே மோதிரத்துக்கு மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்குவது பெரும்பாலும் இன்சூரன்ஸுக்காக. தொலைந்தால் அதே மாதிரி புதிது வாங்க எவ்வளவு ஆகும் என்ற கணக்கு அது. அதனால் தொகை ஏறியே நிற்கும். வாங்கியவரும் மலிவாக வாங்கிவிட்டதாக மகிழ்ந்துபோவார்.

இங்கே நோய் நேர்மாறானது. அங்கே கூட்டி எழுதுகிறார்கள், இங்கே குறைத்து எழுதுகிறார்கள். இரண்டிலும் மதிப்பிடுகிறவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பதை வைத்தே தொகை அமைகிறது.

முதலில் வாங்கும் கடையில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 22 கேரட் கிராம் 10,000 ரூபாய் என்று வசதிக்கு வைத்துக்கொள்வோம். மோதிரம் மொத்தம் 4 கிராம். அதில் கல் 300 மில்லி, நிகர எடை 3.700. தங்கத்துக்கு 37,000. சேதாரம் 14 சதவீதம், 5,180. கல்லுக்கு 600. ஜிஎஸ்டி 3 சதவீதம், 1,283. ஹால்மார்க் கட்டணம் 45 ரூபாய், வரியோடு 53 ரூபாய் 10 காசு. எல்லாம் சேர்த்து 44,116. இது ஒழுங்கான கடையின் பில். ஒழுங்கில்லாத கடையில் கல்லும் தங்கத்தோடு சேர்ந்தே தராசில் ஏறும். 600 ரூபாய்க் கல்லுக்குச் சேதாரத்தோடு 3,420 ரூபாய் போய்விடும். மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் தனித்தனியாக பில்லில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வாங்குகிறவர் செய்யக்கூடிய முதல் மதிப்பீடு.

சேதாரம் என்பதை நான் ஒரு கணக்காகவே மதிப்பதில்லை. ஆசாரி உட்கார்ந்து உருக்கி, கம்பி இழுத்து, அரம் போட்டுச் செய்த காலத்தில் பொன் உண்மையிலேயே தூளாகப் போனது. அப்போதும் அது முழுக்க வீணாகவில்லை. பட்டறைக் குப்பையை விலை பேசி வாங்கி, அரித்துப் பொன் எடுத்துப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். இன்று மெஷினில் வார்த்து வரும் மோதிரத்திலும் அதே பெயரில் பத்து, பதினாலு சதவீதம் போடுகிறார்கள். சரி, அதைச் செய்கூலியாகவே வைத்துக்கொள்வோம். கிராம் 5,000 ரூபாயாக இருந்தால் இந்த மோதிரத்துக்குச் சேதாரம் 2,590. 10,000 ஆனால் 5,180. செய்தவரின் உழைப்பு இரட்டிப்பானதா? விலை ஏற ஏறத் தானாக ஏறும் கூலி நாட்டில் வேறு யாருக்கும் கிடைப்பதில்லை. செய்த ஆசாரிக்கும் அது போய்ச் சேருவதில்லை.

ஹால்மார்க் வந்த பிறகு நிலைமை தேறியிருக்கிறது, சந்தேகமில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பிஐஎஸ்) அதை 2000-ல் தொடங்கியது. 2021 ஜூன் 16 முதல், சோதனை மையம் இருந்த 256 மாவட்டங்களில் அது கட்டாயமானது. பிறகு படிப்படியாக மற்ற மாவட்டங்களும் சேர்ந்தன. 2023 ஏப்ரல் 1 முதல் அந்த மாவட்டங்களில் ஆறிலக்க ஹெச்யூஐடி எண் இல்லாத ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. மோதிரத்தின் உள்பக்கம் பாருங்கள்: முக்கோண முத்திரை, 22கே916, பக்கத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறிகள். போனில் பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டால் எந்தக் கடை பதிந்தது, எந்த மையம் சோதித்தது, என்ன நகை, என்ன தரம் என்று வரும். சங்கிலிக்கு உரிய எண் மோதிரத்தில் இருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஆனால் ஓட்டைகள் சரியாக மோதிரம் இருக்கும் இடத்திலேயே விழுந்திருக்கின்றன. 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. இன்றைய விலையில் ஏழை வீட்டு நிச்சய மோதிரம் அந்த எடைக்குத்தான் வந்து நிற்கிறது. அடுத்தது, நூல் அளவு பிசகி, விரலில் ஏறாமல் போய், வெட்டிப் பத்தவைத்து அளவைச் சரிசெய்வது. நிச்சய மோதிரத்துக்கு இது சாதாரணம். பத்தவைத்த இடத்தை உள்பக்கம் அரம் போட்டுத் தேய்க்கும்போது லேசரால் பொறித்த எண் அழிந்துபோகலாம். அளவு மாற்றக் கொடுக்கும்போது முத்திரை இல்லாத பக்கத்தில் வெட்டச் சொல்ல வேண்டும் என்று கவுண்டரில் யாரும் நினைவூட்டுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஹால்மார்க் தரத்துக்கு மட்டுமே சாட்சி. விலை நியாயமா என்று அதற்குத் தெரியாது.

இனி பேங்க் அப்ரைசர். பெரும்பாலும் பேங்க் ஊழியர் இல்லை. ஒரு கடனுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குபவர். அந்தக் கமிஷனும் நம் கையிலிருந்துதான் போகிறது. பல இடங்களில் நகைத் தொழில் செய்த குடும்பத்துக்காரர். உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, ஒரு சொட்டு ஆசிட் விட்டு, கோடு நிற்கிறதா கரைகிறதா என்று பார்த்துச் சில நிமிடங்களில் மாற்று சொல்லிவிடுவார். அந்தக் கைத்திறனை நான் குறைத்துப் பேச மாட்டேன். செலவு அதிகமில்லை, நகை சேதமில்லை, நடவுக்குப் பணம் அன்று மத்தியானமே கைக்கு வந்துவிடுகிறது. ஆனால் உரைகல் மேல்தோலைத்தான் படிக்கும். உள்ளே செம்பு வைத்துக் கனமாக முலாம் பூசியிருந்தால் ஏமாறும். 2021-ல் கூட்டுறவுச் சங்கங்களில் 5 பவுன் வரையான நகைக்கடனைத் தள்ளுபடி செய்யத் தமிழக அரசு கணக்கெடுத்தபோது போலி நகைக்குக் கடன் கொடுத்த சங்கங்களும் அகப்பட்டன.

போலி வெளிப்பட்டால் அப்ரைசர் தலைதான் உருளும். ஆகவே அவர் கைகாவலாகக் குறைத்தே போடுவார். 300 மில்லி கல்லுக்கு 500 மில்லி கழிப்பார். சந்தேகத்தின் பலன் எப்போதும் பேங்குக்கே. மேலே சொன்ன மோதிரம் 3.500 கிராமாகி, 35,000 ஆகிறது. இரண்டரை லட்சம் வரையான கடனுக்கு ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் உச்சவரம்பு 85 சதவீதம், அதன்படி 29,750. சரியாகக் கழித்திருந்தால் 31,450. வித்தியாசம் 1,700 ரூபாய். கேட்டால் "அப்படித்தாம்மா கழிப்போம்" என்பதோடு முடிந்துவிடும், மேல்முறையீடு கிடையாது. ரிசர்வ் வங்கியின் 2025 ஜூன் விதிகள் இந்த இடத்தில் கை வைத்திருக்கின்றன. கடன் வாங்குபவர் முன்னிலையில்தான் சோதிக்க வேண்டும். தரம், மொத்த எடை, நிகர எடை, கல்லுக்கும் அரக்குக்கும் கழித்தது எவ்வளவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லாரும் இதற்கு மாற வேண்டும் என்பது கெடு. கழிவை எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாலே கை கொஞ்சம் நிதானப்படும்.

அரக்கு, கல், சரடு என்று பிரித்து எழுதுவது நமக்குப் புதிதில்லை. ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த நகைகளின் கல்வெட்டுகளில், பொன் ஆடவல்லான் என்னும் கல்லாலும், ரத்தினங்கள் தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்லாலும் எடை போடப்பட்டிருக்கின்றன. அரக்கும் சரடும் உள்பட எவ்வளவு, எத்தனை முத்து, அதில் உருண்டை எத்தனை, மாணிக்கத்தில் குழி விழுந்தது எது, துளை உள்ளது எது, இத்தனை காசு பெறும் என்றெல்லாம் எழுதினார்கள். கோயில் பண்டாரத்தில் இருப்பவர் கைமாற்றிவிடக் கூடாது என்பதற்கான பதிவு அது. நகைக்குச் சொந்தக்காரர் சார்பில் எழுதியதால் எதையும் விடவில்லை.

இதே கண்ணோடு இன்றைய வைர மோதிரத்தைப் பார்த்தால் தலை சுற்றும். இளவட்டங்கள் இப்போது நிச்சயத்துக்கு அதைத்தான் கேட்கிறார்கள். 18 கேரட்டில் இரண்டரைக் கிராம், 20 சென்ட் வைரம் என்று வைத்துக்கொள்வோம். பேங்கில் வைரத்துக்கு மதிப்பு பூஜ்யம். புதிய விதியும் தங்கத்தின் மதிப்பை மட்டுமே எடுக்கச் சொல்கிறது. 20 சென்ட் என்பது 40 மில்லி. அது போக 2.460 கிராம், 22 கேரட் கணக்கில் சுமார் 2 கிராம். அவ்வளவுதான். கூட வரும் ஜிஐஏ, ஐஜிஐ சான்றிதழில் நிறம், தெளிவு, வெட்டு, கேரட் எடை உண்டு, விலை கிடையாது. அது தர அறிக்கை, மதிப்பீடு ஆகாது. ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வைரமேதான், கடைக்காரர் கையிலிருக்கும் சாதாரண டெஸ்டர் இரண்டையும் ஒன்றாகவே காட்டும். விலையோ மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆகவே அந்தக் காகிதத்தில் முதலில் தேட வேண்டியது இயற்கையா, ஆய்வகத்ததா என்ற சொல்லைத்தான். பாட்டி தலைமுறை புளூ ஜாகர் வைரத் தோட்டைச் சில நாள் வீட்டில் வைத்துப் பார்த்து, ஒத்துக்கொண்டால்தான் வாங்கும். மூடநம்பிக்கையோ என்னவோ, திருப்பிக் கொடுக்க நாலு நாள் தவணையாவது கிடைத்தது!

வாங்கியவர் தன் சார்பில் மதிப்பிட ஒரு வழி சட்டத்தில் இருக்கிறது. ஹால்மார்க் மையத்தில் 200 ரூபாய் கட்டினால் யார் நகையையும் சோதித்துத் தருவார்கள். முத்திரையில் சொன்ன தரம் இல்லையென்றால், குறைந்த தரத்துக்கான தொகையைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் விற்றவர் கொடுக்க வேண்டும் என்பது 2018-ன் விதி. நிச்சயத்துக்கு முதல் நாள் சம்பந்தி வீட்டு மோதிரத்தைச் சோதனைக்குக் கொண்டுபோனால் கல்யாணமே நின்றுவிடும் என்பது வேறு விஷயம். ஆனால் பிறகு போகவும் கையில் பில் வேண்டும். பல கடைகளில் "பில் வேண்டாம், எஸ்டிமேட் போதும்னா வரி இல்ல" என்பார்கள். 1,283 ரூபாய் மிச்சம் என்று தலையாட்டிவிட்டு, கடை பெயர்கூட இல்லாத அந்தத் துண்டுச் சீட்டைத்தான் நம்மவர்கள் பத்திரமாகப் பீரோவில் வைத்திருக்கிறார்கள்.