மாவட்டக் கல்லூரிகளிலிருந்து வந்த சிந்தனை

தமிழில் சிந்தனை எல்லாம் பல்கலைக்கழகத்துக்கு வெளியேதான் நடந்தது என்று மேடைக்கு மேடை சொல்லப்படுகிறது. சிறுபத்திரிகைக்காரர்கள் ஒரு காலத்தில் பெருமையோடு சொன்னது; இன்று காணொளிகளில் வரலாறு பேசுபவர்களும் அதையே வழிமொழிகிறார்கள். பேராசிரியர் பதவி உயர்வுக்காகக் கட்டுரை அடுக்குபவர், ஊருக்கு அவரால் பயனில்லை என்பது அதன் சாரம். நம் அறிவு வரலாற்றின் மிக வளமான பகுதியை மறைத்துவிடும் கூற்று இது.

தொடக்கக் காலத்தை வாசகர்கள் அறிவார்கள். திருவனந்தபுரத்தில் தத்துவம் கற்பித்த சுந்தரம் பிள்ளை நாடகமும் எழுதினார், கல்வெட்டுகளையும் ஆராய்ந்தார். உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டேதான் ஏடு தேடி அலைந்தார். பழந்தமிழ் நூல்களுக்கு வையாபுரிப்பிள்ளை செய்த காலக்கணிப்பை வெறுத்தவர்களும் அவரோடு பொதுவெளியில்தான் மோதினார்கள். மு.வ.வின் நாவல்கள் வீடு வீடாகப் போயின. ஆனால் அவற்றில் ஆய்வைவிட அறிவுரையே அதிகம். இலங்கையில் கைலாசபதி தினகரன் ஆசிரியராக இருந்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். நாளிதழ் வாசகனை மறக்காத நடை அவருடையது.

நான் நின்று பேச விரும்புவது பாளையங்கோட்டையைப் பற்றி. அங்கே தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திய நா. வானமாமலை, நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கி 1969இல் 'ஆராய்ச்சி' இதழையும் கொண்டுவந்தார். வெளியே நின்ற மேதை என்று அவரைக் காட்டுவது வழக்கம். அவர் பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடலையும் கான்சாகிபு சண்டையையும் அச்சிட்டது மதுரைப் பல்கலைக்கழகம் என்பதை யாரும் நினைவூட்டுவதில்லை. அவர் குழுவில் கல்லூரி ஆசிரியர்கள் இருந்தார்கள். கட்டுரையைக் கூட்டத்தில் வாசிப்பார்கள், கேள்வி எழும், திருத்தம் நடக்கும், பிறகு அச்சுக்குப் போகும். அன்று உள்ளுக்கும் வெளிக்கும் நடுவே சுவர் இல்லை, போக்குவரத்து இருந்தது.

அந்தப் பட்டறையில் உருவான ஆ. சிவசுப்பிரமணியன் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் தமிழ் கற்பித்தார். தமிழகத்தில் அடிமைமுறை இருந்ததை ஓலை ஆவணங்களோடு எழுதினார்; ஆஷ் கொலையைப் பற்றி எழுதினார்; கிறித்தவத்துக்குள் சாதி புகுந்ததைத் தயங்காமல் எழுதினார். மீனவரும் உப்பளத் தொழிலாளியும் வாழும் ஊரில் இருந்துகொண்டு, அங்கு உள்ளவர்கள் படிக்கும் தமிழில் எழுதினார். அவருக்குரிய இடத்தை நம் விமர்சகர்கள் இன்னும் தரவில்லை.

தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்' முனைவர் பட்ட ஆய்வேடு. 1989இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகமே வெளியிட்டது. கள்ளர், இடையர், பள்ளர், பறையர் ஆகியோருக்கும் அந்தக் கோயிலுக்கும் உள்ள உறவைத் திருவிழாவிலும் வாய்மொழிப் பாடலிலும் தேடிய உழைப்பு அது. அந்த உழைப்பின் மேல் நின்றதால்தான் 1997இல் 'அறியப்படாத தமிழக'த்தில் உப்பையும் தாலியையும் பற்றி அத்தனை எளிமையாகப் பேச முடிந்தது. எளிமையை மட்டும் பார்த்து எழுதுபவர்கள் அதன் அடியில் உள்ள ஆய்வேட்டையும் படிக்க வேண்டும். புதுச்சேரிக் கல்லூரிகளில் பணியாற்றிய ராஜ் கௌதமன் தொண்ணூறுகளில் தலித் பண்பாடு பற்றி எழுதியவை தமிழ் இலக்கிய வாசிப்பையே புரட்டிப் போட்டன. இந்த ஆய்வுலகத்துக்கு ஒரு பெருங்குறை உண்டு: கட்டுரை வாசித்த மாலைக் கூட்டங்கள் ஆண்களுக்கே வசதியாக இருந்தன, பெண் ஆசிரியர்களின் குரல் அவற்றில் மிகக் குறைவு.

சென்னையில் வேறு கதை. வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆரின் பிம்பத்தை ஆராய்ந்து 1992இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் அபாரமானது. அது 'பிம்பச் சிறை'யாகத் தமிழில் வந்தது 2016இல், அவர் மறைந்த பிறகு. எந்த மக்களைப் பற்றி எழுதினாரோ அவர்கள் அதைத் தம் மொழியில் படிக்க 24 ஆண்டுகள் காத்திருந்தார்கள். அதே நிறுவனத்தின் ஆ.இரா. வேங்கடாசலபதி இரு மொழியிலும் எழுதினார். அவர் எழுதிய காப்பியின் சமூக வரலாறு தமிழ் வாசகரிடம் உடனே சேர்ந்தது.

இந்த மரபு தளர்ந்ததற்குப் பேராசிரியர்களின் சோம்பல் காரணமல்ல. 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிகள் ஆசிரியரின் எழுத்துக்கு மதிப்பெண் போடத் தொடங்கின. பின்னர் அங்கீகரிக்கப்பட்ட ஆய்விதழ்களின் பட்டியல் வந்தது. பொதுவாசகர் படிக்கும் தமிழ் இதழில் பத்தாண்டு உழைப்பைக் கொட்டினாலும் பதவி உயர்வுக் கணக்கில் அது சேரவில்லை. யாரும் படிக்காத இதழில் பணம் கட்டிப் போட்ட கட்டுரை சேர்ந்துவிட்டது. 2025இல் மானியக் குழு அந்தப் பட்டியலைக் கைவிட்டது, பழக்கம் விடவில்லை. இன்னொரு பக்கம், அரசுக் கல்லூரிகளில் ஆண்டுக்காண்டு நீட்டிப்புக்குக் காத்திருக்கும் கௌரவ விரிவுரையாளரிடம் சாதியைப் பற்றித் துணிந்து எழுது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டா?

பட்டியல் போய்விட்ட இந்த வேளையில், தமிழ்ப் பொது இதழில் வரும் ஆதாரமுள்ள கட்டுரையைத் தமிழகப் பல்கலைக்கழகங்கள் ஆய்வுப் பணியாக ஏற்க வேண்டும். பல்கலைக்கழகப் பதிப்புத் துறைகள் நல்ல ஆய்வேடுகளை மறுபடியும் அச்சிட வேண்டும். இளம் ஆசிரியர்களே, உங்கள் ஆய்வேட்டின் சிறந்த இயலை முதலில் தமிழில் எழுதி, உங்கள் ஊர்க்காரர்கள் படிக்கும் இதழுக்கு அனுப்புங்கள்.