சமிக்ஞை கட்டளையா, அனுமதியா?

சமிக்ஞை வந்தது, செல் கிளியாவாக மாறியது. வளர்ச்சி உயிரியலை அறிமுகம் செய்யும் எழுத்துகளில் கதை பெரும்பாலும் இப்படித்தான் போகும். கிளியா என்பது நரம்பு செல்களைப் போர்த்திக் காக்கும் துணைச் செல். பழ ஈயை வைத்து டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் வெரோனிகா ரோட்ரிக்ஸ் குழு 2004ல் வெளியிட்ட கட்டுரை இந்தக் கதையை ஆட்டிப் பார்க்கிறது. அதனாலேயே எனக்கு அது பிடிக்கும்.

ஈயின் உணர்கொம்பில் வாசனை உணரும் உறுப்புகள் முக்கியமாக இரண்டு புரதங்களின் வழியில் உருவாகின்றன: அடோனல், அமோஸ். அடோனல் வழியில் கிளியா வரும், அமோஸ் வழியில் வராது. ஏன்?

அவுட்புட் வரவில்லை என்றால் ரெண்டு காரணம் இருக்கலாம். புராசஸ் தொடங்கவே இல்லை, அல்லது தொடங்கிய பிறகு யாரோ 'கில்' பண்ணிட்டாங்க. வெறும் இன்மையை வைத்து எது என்று சொல்ல முடியாது. குழு செய்தது அழகான பிழைத்திருத்தம்: செல் தற்கொலையைத் தடுக்கும் பி35 என்ற பாக்குலோவைரஸ் புரதத்தை உள்ளே விட்டார்கள். அமோஸ் வழியிலும் கிளியா தோன்றியது. அதாவது, அந்த வழிக்கும் கிளியா உண்டாக்கத் தெரியும், உண்டானது செத்துப்போகிறது.

இன்னொரு பக்கம், இயல்பான ஈயில் ஈஜிஎஃப் சமிக்ஞையை முடக்கினால் கிளியா வளர்ச்சி பாதிக்கப்படுகிறது. இரண்டையும் சேர்த்து ஆசிரியர்கள் வருவது: அடோனல் வழிச் செல்கள் மட்டும் ஈஜிஎஃப்புக்குப் பதில் சொல்லிப் பிழைக்கின்றன. எங்க சுங்குவார்சத்திரம் பக்கத்து ஆலைகளில் ஓடும் கன்ட்ரோலர்களின் வாட்ச்டாக் டைமர் போல: உரிய நேரத்தில் துடிப்பு வராவிட்டால் ரீசெட். அந்தத் துடிப்பு எந்த வேலையையும் கற்றுத்தருவதில்லை.

என் விமர்சனம் இங்கேதான். பி35 சான்று அமோஸ் வழியிலிருந்து வருகிறது; முடிவோ அடோனல் வழியைப் பற்றியது. ஒரே வழியில் ஈஜிஎஃப்பை முடக்கி, பி35ஐயும் கொடுத்து, கிளியா திரும்பி வருகிறதா என்று பார்த்தால்தான் சங்கிலி முழுமையாகும். வந்தால் சமிக்ஞை அனுமதி. வராவிட்டால் அதில் கட்டளையும் கலந்திருக்கிறது. அமோஸ் வழி ஏன் பதில் சொல்வதில்லை என்பதற்கு வளர்ச்சிச் 'சூழல்' என்று பெயர் வைப்பதும் விளக்கம் ஆகாது. ஆசிரியர்கள் இதை நிரூபணம் என்று சொல்லவில்லை, கருத்தாகவே முன்வைக்கிறார்கள். அந்த நிதானம் நமக்கும் வேண்டும்.

'மரபணு என்பது புரோகிராம்' என்று என்னைப் போன்ற மென்பொருள்காரர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். புரோகிராமில் எழுதாதது நடக்காது. இங்கேயோ, உண்டாவதெல்லாம் உண்டாகி, அதில் சிலது மட்டும் தங்குகிறது.