மீட்கப்பட்ட மகளும் மறக்கப்பட்ட தாயும்

துயரக் கதை ஒன்றைக் கண்டு கண் கலங்கியதும் நம் கடமை முடிந்துவிட்டதாக எண்ணிவிடுகிறோம். மீரா நாயர் இயக்கி 1988-இல் வெளிவந்த ‘சலாம் பாம்பே’ என்னும் இந்தித் திரைப்படம் அந்த எளிய நிறைவை நமக்குத் தருவதில்லை.

500 ரூபாய் ஈட்டினால்தான் வீடு திரும்பலாம் என்னும் நிலையில், மும்பைத் தெருவில் தேநீர் சுமக்கும் சிறுவன் கிருஷ்ணாவின் கதையாகவே இப்படம் பேசப்படுகிறது. தெருவில் வாழ்ந்த சிறுவர்களையே பயிற்றுவித்து நடிக்கவைத்ததால், நடிப்பு என்ற உணர்வே நமக்கு எழுவதில்லை. எனினும் நம் நெஞ்சை விட்டு அகலாதவள் மஞ்சு என்னும் சிறுமியே. அவள் தாய் ரேகா, உடலை விற்றுப் பிழைக்கும் நிலையில் இருப்பவள். தந்தை பாபா, போதைப்பொருள் விற்கும் முரடன்.

ஓரிரவு காவலர் பிடியில் சிக்கும் மஞ்சு, அரசு இல்லத்தில் சேர்க்கப்படுகிறாள். மகளைக் கேட்டு வரும் ரேகாவுக்கு, அவளது தொழிலைக் காரணம் காட்டிக் குழந்தையைத் தர மறுக்கின்றனர். இங்கே எவரும் கை ஓங்கவில்லை. எல்லாம் முறைப்படியே நடக்கின்றன. ஆயினும், காக்க வந்த கை கொடுமை செய்தவனைத் தொடவில்லை. கொடுமைக்கு ஆளானவளிடமிருந்து குழந்தையைப் பிரித்தது. இதை அறிவுரையாக்காமல் காட்சியாகவே விட்டிருப்பது இயக்குநரின் முதிர்ச்சி.

குறையும் உண்டு. பாபாவின் கொடுமைக்குக் கிருஷ்ணாவின் கத்தி ஒன்றே முடிவு கட்டுகிறது. வேறு வழியே இல்லையோ என்ற சோர்வு நம்மைக் கவ்வுகிறது. ஆனால் படம் காட்டாத வழியைப் படத்திற்கு வெளியே சிலர் திறந்தனர். அதன் வருவாயைக் கொண்டு அதே 1988-இல் ‘சலாம் பாலக் டிரஸ்ட்’ தெருச் சிறுவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. 1996-இல் மும்பையில் 1098 என்னும் சிறுவர் உதவித் தொலைபேசி பிறந்தது. குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது இறுதி வழியாகவே இருக்கவேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் கூறுகிறது.

குழந்தையைப் பிரித்தே காக்கவேண்டிய வீடுகளும் உள்ளன என்பதை நாம் மறுக்கவில்லை. அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: தாய்க்குத் தங்க இடமும், பிழைக்க வேலையும், அடிப்பவனிடமிருந்து காவலும் தந்தால் இருவரையும் சேர்த்தே காக்க முடியாதா? அந்த அலுவலகத்தில் ரேகாவை நோக்கி இக்கேள்வி எழவே இல்லை. “இவள் எப்படிப்பட்ட தாய்?” என்பதே அங்கு எழுந்தது. நாமும் அக்கம்பக்கத்து வீடுகளைப் பற்றி இதைத்தானே முதலில் கேட்கிறோம்?

இறுதியில் கிருஷ்ணா பம்பரத்தோடு தனியே அமர்ந்திருக்கிறான். கூட்டத்தில் அவனைத் தவறவிட்ட ரேகா எங்கே போனாள் என்று படம் சொல்லவில்லை. அவள் நம் தெருவுக்கு வந்து கதவைத் தட்டினால் நாம் என்ன கேட்போம்?