வெயிலைத் தடவிப் பார்க்கும் பெட்டி

மென்பொருள் மேலாளர் வேலையில் பாதி, அடுத்தவர் எழுதிய நிரலை வாசித்து ஒப்புதல் தருவது. பெரும்பாலும் அலுப்பான வாசிப்பு. சோலார் பம்பு கன்ட்ரோலரின் நிரல் மட்டும் எனக்கு விதிவிலக்கு. சில வரிகளைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். தருமபுரிக்காரன் என்பதால் கூடுதல் ருசி. பென்னாகரத்துப் பாறையைத் துளைத்து இறக்கிய போரில் அந்த வரிகளுக்கு என்ன வேலை என்று தெரியும்.

பேனலிலிருந்து எந்த வோல்டேஜில் இழுத்தால் அதிகத் திறன் கிடைக்கும் என்பது வெயிலோடு நொடிக்கு நொடி மாறும். கன்ட்ரோலருக்கு அது முன்கூட்டித் தெரியாது. வோல்டேஜைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கும். திறன் கூடினால் அதே பக்கம் இன்னோர் அடி, குறைந்தால் எதிர்ப்பக்கம் ஓர் அடி. கும்மிருட்டில் கரடு ஏறுகிறவன் காலால் மேடு தேடுவதுபோல. அடி பெரிதானால் உச்சியில் நிலைக்காமல் இப்படியும் அப்படியும் தாண்டிக்கொண்டிருக்கும். சிறிதானால் ஓடும் மேகத்துக்கு ஈடுகொடுக்காது.

வேடிக்கை இனிமேல்தான். அடி வைத்த அதே கணத்தில் மேகம் விலகினால், ஏறிய திறனைத் தன் சாமர்த்தியம் என்று நம்பித் தப்பான பக்கமே போகும். இதற்கு ஓர் அழகான மாற்று உண்டு: இரண்டு அடிகளுக்கு நடுவே அசையாமல் நின்று ஒருமுறை அளப்பது. அசையாதபோதும் திறன் கூடியிருந்தால் அது வெயில் செய்த வேலை. அதைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். இவ்வளவு அடக்கத்தை ஆண்டு மதிப்பீட்டுப் படிவங்களில் நான் பார்த்ததில்லை.

புளியமரம் இன்னொரு சோதனை. சாயங்காலம் அதன் நிழல் பேனல் வரிசையின் ஒரு மூலையில் விழுந்தால், ஒரே உச்சி இருந்த இடத்தில் இரண்டு மூன்று முளைத்துவிடும். குட்டி உச்சியிலேயே திருப்திப்பட்டு நின்றுவிடாமல், அவ்வப்போது முழு எல்லையையும் அளந்து வர வேண்டும். அளக்கும்போது தண்ணீர் தடுமாறும். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை அளப்பது என்று வாரக்கணக்கில் வாதாடலாம், வாதாடியிருக்கிறோம்.

"தம்பி, மோட்டார் ஓடுற சத்தம் கேக்குது, தண்ணியக் காணோம்" என்று காலையில் போன் வந்தால் அது இளவெயிலின் கோளாறு. 50 ஹெர்ட்ஸில் 600 அடி தூக்கும் பம்பை, வெயில் போதாமல் கன்ட்ரோலர் 40 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் மின்தேவை ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஆனால் தூக்கும் உயரமும் 384 அடியாகச் சுருங்கும். நீர்மட்டம் 400 அடியில் கிடக்கும் போரில் ஒரு சொட்டுக்கூட மேலே வராது. தன்னைக் கடந்து போகும் நீரால்தான் சப்மெர்சிபிள் மோட்டார் குளிர்கிறது. நீரோட்டமில்லாமல் சுற்றினால் சூடேறும். ஆகவே, 'இந்த வேகத்துக்குக் கீழே ஓடாதே' என்று நிரலில் ஓர் எண். தண்ணீர் மேலேயே கிடைக்கும் தஞ்சாவூருக்குச் சரியான எண்ணை, எங்கள் பக்கத்து ஆழப் போர்களுள்ள பாலக்கோட்டுக்கும் அப்படியே அனுப்பினால் மோட்டார் வெந்துவிடும்.

போர் வற்றினால் மோட்டார் இழுக்கும் கரன்ட் இறங்கும். அதைக் கண்டதும் நிறுத்தி, ஊற்று ஊறும்வரை காத்திருந்து மறுபடி ஓட்டிப் பார்ப்பது அடுத்த பகுதி. 2019-இல் தொடங்கிய ஒன்றிய அரசின் பி.எம். குசும் சோலார் திட்டத்துப் பம்புகளுக்குத் தொலைக் கண்காணிப்பு உண்டு. அதனால் கோடையில் எந்தப் போர் எப்போது மூச்சு வாங்குகிறது என்பது வரைபடத்தில் ரம்பப் பல்லாகத் தெரியும். பற்களின் இடைவெளி அகன்றுகொண்டே போவதைப் பார்க்கும்போது ரசனை கொஞ்சம் வற்றத்தான் செய்கிறது. வெயிலுக்குக் காசில்லை என்பதால் மோட்டாரை நிறுத்தச் சொல்ல ஆளில்லை.

எவ்வளவு நேரம் காத்திருப்பது? முந்தைய பற்களைப் பார்த்து நிரலே கற்றுக்கொள்ளட்டும் என்கிறார்கள் இளைஞர்கள். ஊற்றின் சுபாவம் கிணற்றுக்காரருக்குத்தான் தெரியும். காத்திருக்கும் நேரத்தை அவரே மாற்றும் குமிழைக் கன்ட்ரோலர் பெட்டியின் முகப்பிலேயே வைக்க வேண்டும் என்பது என் கட்சி. குழுவில் பாதிப் பேர் இன்னும் ஒப்பவில்லை.