தோழனுக்குச் சம்பளம் எவ்வளவு?

'தோழா' (2016) நல்ல படம்தான். ஆனால் அதில் இருப்பது நட்பா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. கழுத்துக்குக் கீழே செயலிழந்த கோடீஸ்வரர் நாகார்ஜுனா. பரோலில் வந்து அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்பவர் கார்த்தி. மூலமான பிரெஞ்சுப் படம் 'தி இன்டச்சபிள்ஸ்' (2011). அதில் உதவியாளன் மறதியாக முதலாளியிடம் போனை நீட்டிவிடுவான், கை அசையாத மனுஷனிடம்! முதலாளிக்குப் பிடித்ததே அந்த மறதிதான், பரிதாபப்படாத ஆள் என்று. அருமையான இடம்.

ஆனால் பரிதாபம் இல்லாவிட்டால் மட்டும் நட்பு வந்துவிடாது. ரெண்டு பேரும் சேர்ந்து போய் உட்கார ஓர் இடம் வேண்டும். இந்தப் படங்களில் அதைப் பணம் பார்த்துக்கொள்கிறது: மாளிகை, கார், ஊர்சுற்றல். தெருமுனை டீக்கடைக்கு மூணு படி ஏறணும் என்றால் என்ன செய்வார்கள்?

எனக்கு 'அன்பே சிவம்' (2003) ஒரு படி மேல். விபத்தில் முகமும் உடம்பும் சிதைந்த நல்லசிவமும், விளம்பரப் பட இயக்குநர் அன்பரசுவும் மழையால் விமானம் ரத்தாகி புவனேஸ்வரில் மாட்டிக்கொள்கிறார்கள். அப்புறம் பஸ், ரயில் என்று ஒரே பாதை. யாரும் யாருக்கும் சம்பளக்காரன் இல்லை. அன்பரசு எரிந்து விழுகிறான், இவரைக் கழற்றிவிடப் பார்க்கிறான். இவரோ விடாமல் கிண்டலடிக்கிறார். ஊர் போய்ச் சேர இவர் தயவுதான் அவனுக்கு வேண்டியிருக்கிறது.

ஒரு குறை. கடைசியில் நல்லசிவம் தனியாக நடந்து போய்விடுகிறார். கமல் அங்கே நழுவிவிட்டார் என்றே நினைக்கிறேன். அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அன்பரசு வீட்டுக்கு அவர் சும்மா அரட்டைக்கு வந்து போவதை யாராவது படமாக எடுத்தால், முதல் நாளே டிக்கெட் எடுப்பேன்.